‘கண்டனம்’ என்ற சொல்லின் வரலாறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொல் வரலாறு எழுதத் தொடங்கும் இளையவர்களின் கட்டுரைகள் திருத்தத்துக்காக என்னிடம் வரும். நாங்கள் அந்த வயதில் அடித்த அதே கூத்துதான். எழுத்துப்பிழைகளை விட்டுவிடுகிறேன், அவற்றைப் பார்க்க வேறு ஆள் உண்டு.

காதில் பட்டபடி பிரிப்பது

இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். “தவறைக் கண்டு சொல்வதால் கண்டனம்” என்று ஒருவர் எழுத, அது ஒரு விழா மலரில் கொட்டை எழுத்தில் அச்சாகிவிட்டது. கட்டி முடித்த மலரைப் பிரித்து அந்தத் தாளை மாற்றினார்கள். செலவு மலர்க்குழுவின் தலையில்.

காண்பதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘கண்ட்’ என்ற வடமொழி வேருக்கு உடைத்தல், துண்டாக்குதல் என்று பொருள். துண்டைக் குறிக்கும் கண்டம் அதே குடும்பம். கற்கண்டில் இருக்கும் ‘கண்டு’கூட அதுதான். 12ஆம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் தம் தர்க்க நூலுக்குக் ‘கண்டன கண்ட காத்யம்’ என்று பெயர் வைத்து இரண்டையும் சேர்த்தே விளையாடியிருக்கிறார். காத்யம் என்றால் தின்பண்டம்.

சரி, உடைத்தல் என்பது தெரியாவிட்டால் என்ன நட்டம்? 19ஆம் நூற்றாண்டில் சைவர்களும் கிறித்தவர்களும் மாறி மாறி அச்சிட்ட கண்டன நூல்களை வெறும் திட்டு என்று தள்ளிவிடுவோம். வசவும் அவற்றில் உண்டு, தாராளமாகவே. ஆனால் அவற்றின் வேலை எதிராளியின் வாதத்தை எடுத்து வைத்து உடைப்பது. ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று இன்று வரும் அறிக்கைகளில் பெரும்பாலும் அந்த வாதம் கழன்றுவிட்டது. அதிருப்தி மட்டும் மிச்சம்.

எல்லாக் கண்டத்தையும் ஒன்றாக்குவது

நீலகண்டனின் கண்டம் கழுத்து. வடமொழியில் அது வேறு எழுத்து, வேறு சொல். தமிழில் எழுதும்போது ஒன்றுபோல் தெரிகிறது, அவ்வளவுதான்.

கண்டி நகரத்தை இழுப்பது

வேண்டாம். அது சிங்களத்தில் மலையைக் குறிக்கும் ‘கந்த’.

‘கண்டிப்பாக’ என்பதை மறப்பது

கடிந்துகொள்வது கண்டிப்பு. விட்டுக்கொடுக்காத கறாரும் கண்டிப்பு. கண்டிப்பான வாத்தியார் என்கிறோமே, அது. அப்புறம் அதுவே ‘நிச்சயமாக’ என்றும் ஆனது. “கல்யாணத்துக்குக் கண்டிப்பாக வந்துவிடு” என்னும்போது யாரும் யாரையும் திட்டவில்லை, ஆனாலும் சொல் அதேதான். கட்டுரையில் இந்தக் கிளைக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.