பாசி எண்ணெயைப் பிரிக்கும் பூச்சிட்ட மென்சவ்வு: நல்லெண்ணெயில் ஒரு முதற்பயிற்சி

நுண்பாசி எண்ணெயை மெதனோலுடனும் காரத்துடனும் வினைபுரியச் செய்தே உயிரிடீசல் தயாரிக்கிறார்கள். எண்ணெயில் நீர் தங்கியிருந்தால் அதில் ஒரு பகுதி சவர்க்காரமாகிவிடும் என்பதால், முதலில் நீரைப் பிரித்தாக வேண்டும். பூச்சிட்ட மென்சவ்வு, அதாவது மேலே பூச்சுப் பூசிய நுண்துளைகளுள்ள மெல்லிய வடிதாள், இந்த வேலையைச் செய்யும் விதத்தை நம் குசினியிலேயே பார்க்கலாம்.

200 மில்லிலீற்றர் நீரில் 1 கிராம் சைனாகிராஸை ஊறவைத்து, முழுவதும் கரையும்வரை கொதிக்க வையுங்கள். நுவரெலியாவின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆனாலும் சைனாகிராஸ் கரைய அது போதும். (அதுவும் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவதுதான்.) கஞ்சி போகக் கழுவிய நெருக்கமான பருத்தித் துணியைச் சூடான கரைசலில் தோய்த்து, இடுக்கியால் தூக்கி, நன்றாக வடியவிட்டு ஆறவையுங்கள். பிறகு அதைக் குவளையின் வாயில் சற்றுக் குழிவாகக் கட்டி, வெறும் நீரை ஊற்றுங்கள். நீர் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூச்சு தடித்துத் துளைகளை அடைத்திருக்கிறது, வெந்நீரில் அலசிவிடுங்கள்.

இனி அரைக் குவளை நீரில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயைக் கலக்கி, ஈரம் காயாத துணியின்மேல் மெதுவாக ஊற்றுங்கள். நீர் கீழே இறங்க, எண்ணெய் மேலே பொன்னிற முத்துகளாக உருண்டு நிற்கும். பூச்சு நீரைப் பிடித்து வைத்திருப்பதால், அந்த நீரைத் தள்ளிவிட்டுத்தான் எண்ணெய் துளைக்குள் நுழைய முடியும். விரலால் அழுத்தினால் நுழைந்தும்விடும். பூச்சில்லாத உலர்ந்த துணியில் இதையே செய்து பாருங்கள், எண்ணெய் உடனே ஊறிக் கசியும்.

நான் முதலில் தேங்காய் எண்ணெயில் தொடங்கி ஏமாந்தேன். அது 24 பாகைக்குக் கீழே உறையக்கூடியது. மலையகத்துக் காலைக் குளிரில் போத்தலுக்குள்ளேயே வெள்ளையாக இறுகியிருக்கும். அடுப்பருகே வைத்து உருக்கியும், குளிர்ந்த நீரில் கலந்தவுடன் மணிமணியாகக் கட்டிவிட்டது. சாதாரண வடியில்கூடத் தங்கியிருக்கும் அந்தக் கட்டிகளைப் பார்த்து, பூச்சு வேலை செய்கிறதென்று அரைநாள் நம்பியிருந்தேன்.

உண்மையான பாசியில் எண்ணெய் உயிரணுக்களுக்குள்ளே இருக்கிறது. திறந்த தொட்டியில் வளர்த்த 1 லீற்றர் நீரில் உலர் பாசி பெரும்பாலும் 1 கிராமுக்கும் குறைவு. அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்றாலும் சில துளிகளே கிடைக்கும். ஆகவே ஏரியில் பச்சையாக மிதப்பதை அள்ளி வராதீர்கள். நச்சுள்ள நீலப்பசும்பாசியாகவும் இருக்கலாம். உயிரணுக்களை உடைக்கும்போது வெளிவரும் புரதங்கள் எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்துகொண்டு நீரைப் பால்போலாக்கிவிடுவதுதான் பெரிய தொல்லை. கடைசியாக, இதே தொல்லையை நேரில் பார்க்க, உங்கள் நல்லெண்ணெய்க் கலவையில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தைச் சேர்த்துக் குலுக்கி ஊற்றினால், துணிக்குக் கீழேயும் வெண்மை இறங்குவதைக் காண்பீர்கள். இத்தகைய நுண்துளிகளைப் பிடிக்கவே ஆய்வுகூடங்களில் மைக்ரோமீற்றரிலும் சிறிய துளையுள்ள மென்சவ்வுகளைப் பம்பியின் அழுத்தத்தோடு பயன்படுத்துகிறார்கள்.