நகல் தடுப்புள்ள மென்பொருள் வட்டுகள்: காப்புப் பிரதி எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1990களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டு காலம், விண்டோஸ் விளையாட்டுகளும் கலைக்களஞ்சியங்களும் பாட மென்பொருள்களும் சிடியிலும் டிவிடியிலும்தான் விற்பனைக்கு வந்தன. அவற்றில் பலவற்றில் சேஃப்டிஸ்க், செக்யூராம், லேசர்லாக் போன்ற நகல் தடுப்பு முறைகள் இருந்தன. காசு கொடுத்து வாங்கிய அந்த வட்டுகள் கீறல் விழுந்து வீணாவதற்குள் காப்புப் பிரதி எடுத்துவைக்க விரும்புவோர் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் வட்டில் எதைப் பிரதி எடுக்க வேண்டும் என்ற புரிதல் இல்லாமல் எடுக்கப்படும் பிரதி, தேவைப்படும் நாளில் இயங்குவதில்லை.

மிகப் பரவலான தவறு, வட்டை ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது வட்டின் தரவை ஒரே கோப்பாகத் தொகுத்த பிரதியாக, மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பதாகும். சிடியில் தரவு செக்டார் எனப்படும் சிறு துண்டுகளாகப் பதியப்படுகிறது, ஒவ்வொரு செக்டாரும் 2,352 பைட் கொண்டது. மென்பொருள் வட்டுகளில் அதில் உண்மையான தரவு பெரும்பாலும் 2,048 பைட் மட்டுமே, எஞ்சியவை செக்டாரின் முகவரிக்கும் பிழைகளைக் கண்டறிந்து திருத்துவதற்கும் ஒதுக்கப்பட்டவை. ஐஎஸ்ஓ அந்த 2,048 பைட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 80 நிமிட சிடியில் உள்ள 3,60,000 செக்டார்களையும் கணக்கிட்டால், ஏறத்தாழ 11 கோடி பைட் விடுபடுகிறது. சாதாரண வட்டுக்கு இது இழப்பே அல்ல, ஏனெனில் விடுபட்டதை மறுபடி கணக்கிட்டு எழுதிவிடலாம். நகல் தடுப்போ பெரும்பாலும் விடுபட்ட அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. சேஃப்டிஸ்க் வட்டின் தொடக்கப் பகுதியில் நூற்றுக்கணக்கான செக்டார்கள் வேண்டுமென்றே பழுதாக்கப்பட்டிருக்கும். மென்பொருள் தொடங்கும்போது அந்தப் பழுது இருக்கிறதா என்று சோதிக்கும். ஐஎஸ்ஓவை வேறொரு சிடியில் பதிந்தால், பதியும் கருவியான சிடி ரைட்டர் பிழைதிருத்தத் தரவை ஒழுங்காகக் கணக்கிட்டு எழுதிவிடும், பழுது மறைந்துவிடும், சோதனை தோற்கும். செக்யூராமின் தொடக்கப் பதிப்புகள் தம் அடையாளத்தை அந்த 2,352 பைட்டுக்கும் வெளியே, செக்டார் ஒவ்வொன்றோடும் வரும் 96 பைட் துணைத் தரவான சப்சேனலில் வைத்திருந்தன. ஐஎஸ்ஓவில் அதற்கு இடமே இல்லை. இசையைத் தனி ஆடியோ டிராக்குகளாகக் கொண்ட பழைய விளையாட்டு வட்டுகளில் அந்த இசையும் போய்விடும். ஆகவே முழுச் செக்டாரையும் சப்சேனலையும் சேர்த்து வைக்கும் சிசிடி, ஐஎம்ஜி, சப் என்ற மூன்று கோப்புத் தொகுதியோ, எம்டிஎஸ், எம்டிஎஃப் என்ற இணைக் கோப்புகளோதான் இத்தகைய வட்டுகளுக்குப் பொருந்தும். இவற்றில் சின்னதாகத் தெரியும் கோப்பைத் தேவையற்றது என்று அழித்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அது இல்லையென்றால் மற்றதால் பயனில்லை.

வாசிப்புப் பிழை வந்ததும் பாதியில் நிறுத்திவிடுவது அடுத்த தவறு. பழுதான செக்டார் ஒவ்வொன்றையும் டிரைவ் பலமுறை வாசிக்க முயல்வதால் வேலை மணிக்கணக்கில் நீளலாம். கணினி உறைந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. இதற்கு நேர்மாறாக, பிழைகள் எல்லாம் நகல் தடுப்பின் வேலைதான் என்று கொண்டு உண்மையான கீறலையும் கடந்துவிடுவது இன்னும் ஆபத்தானது. இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு: வேண்டுமென்றே வைத்த பழுது எந்த டிரைவில் வாசித்தாலும் அதே இடத்தில், நெருக்கமாக இருக்கும், கீறலாலும் அழுக்காலும் வரும் பிழையோ வட்டைத் துடைத்தபின் அல்லது டிரைவை மாற்றினால் குறையும், இடம் மாறும். துடைக்கும்போது மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. சிடியில் தரவுப் படலம் பெயர் அச்சிட்ட பக்கத்திற்கு மிக அருகில் இருப்பதால், அந்தப் பக்கத்தில் விழும் கீறலை எந்த மெருகேற்றலாலும் சரிசெய்ய முடியாது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

எடுத்த பிரதியைத் திறந்து, கோப்புப் பட்டியல் தெரிகிறதே என்று திருப்தியடைவது சோதனை ஆகாது. இயன்றால் இரண்டு வெவ்வேறு டிரைவ்களில் வாசித்து, இரண்டின் எஸ்எச்ஏ-1 மதிப்புகளை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீடு) ஒப்பிட வேண்டும். பழுதாக்கிய செக்டார்கள் உள்ள வட்டில் மதிப்பு மாறுபட்டால், மாறுபாடு அந்தச் செக்டார்களுக்குள் மட்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்வந்த செக்யூராம் பதிப்புகளும் ஸ்டார்ஃபோர்ஸ் என்ற இன்னொரு நகல் தடுப்பு முறையும் வட்டின் மேல் தரவு அமைந்துள்ள இடத்தையே அளந்து பார்ப்பவை என்பதால், வெற்று சிடியில் பதிந்த நகல் அங்கே எடுபடாது. வட்டின் பிரதியான இமேஜ் கோப்பை வன்தட்டில் வைத்து, இன்னொரு பிரதியை வேறிடத்தில் வைப்பதே மேல். உறையிலோ கையேட்டிலோ அச்சிட்ட சீரியல் எண்ணைப் படமெடுத்து அதே கோப்புறையில் வைக்காதவர்கள், குறையற்ற பிரதி கையில் இருந்தும் நிறுவ முடியாமல் நிற்பார்கள்.

சட்டத்தைப் பற்றிய தவறுகள் இருபுறமும் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு, கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர் இழப்பு, அழிவு, சேதம் ஆகியவற்றிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பாகக் காப்புப் பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது. எனவே எல்லாப் பிரதியும் திருட்டுப் பிரதி என்பது சரியல்ல. அதே சமயம், உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பத் தடுப்பை உடைப்பது 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது. அமெரிக்காவில் காப்புப் பிரதிக்கு அனுமதி இருந்தாலும் 1998ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பை உடைப்பதையே தனியே தடுக்கிறது. பிரதியை நண்பருக்குக் கொடுப்பதோ, மூல வட்டை விற்றபின் பிரதியை வைத்துக்கொள்வதோ காப்பு என்ற வரையறைக்குள் வராது. மூல வட்டு சேதமடைந்திருந்தாலும்கூட, உரிமையாளரின் அனுமதியின்றிக் காப்புப் பிரதியை விற்க முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது.

கடைசியாக, பிரதி இயங்கவில்லை என்றதும் அதைக் குறை சொல்லி அழித்துவிட வேண்டாம். சேஃப்டிஸ்க் நம்பியிருந்த செக்டிஆர்வி என்ற டிரைவர் நிரலை மைக்ரோசாஃப்ட் 2015இல் பாதுகாப்புக் காரணத்தால் விண்டோஸ் 10இல் சேர்க்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த புதுப்பிப்பு, விண்டோஸ் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை முடக்கியது. அங்கே மூல வட்டும் இயங்காது. இதற்காக இணையத்தில் கிடைக்கும் மாற்றப்பட்ட இயக்கக் கோப்புகளை இறக்கி நிறுவுவது, தீநிரல்களுக்குக் கதவைத் திறப்பதாகவே பலமுறை முடிகிறது. விண்டோஸ் எக்ஸ்பி உள்ள பழைய கணினி ஒன்றை இணையத் தொடர்பின்றி வைத்துக்கொண்டு, முதலில் மூல வட்டையும் பிறகு பிரதியையும் அதில் இயக்கிப் பார்த்தால்தான் குறை எதில் இருக்கிறது என்று தெரியவரும்.