எடின்பரோவின் பேய்க் கதைகள்: வழக்கமாகச் செய்யும் தவறுகள்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவின் பேய்களைப் பற்றித் தமிழில் எழுதுபவர்களும் சரி, அங்கே சுற்றிப் பார்க்கப் போகிறவர்களும் சரி, பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். சம்பவம் நடந்த ஆண்டைக் கேட்கிறார்கள், அந்தக் கதை எந்த ஆண்டில் கிளம்பியது என்று கேட்பதில்லை. கேட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மேரி கிங்ஸ் குளோஸை எடுத்துக்கொள்வோம். ராயல் மைல் தெருவுக்கு அடியில் புதைந்து கிடக்கும் பழைய சந்து. 1645-ல் பிளேக் பரவியபோது இங்கிருந்த மக்களை உயிரோடு உள்ளே வைத்துச் சுவர் எழுப்பிவிட்டார்கள் என்று இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி நடக்கவே இல்லை. நோய் கண்ட வீடுகளைத் தனிமைப்படுத்தினார்கள், உள்ளே இருந்தவர்களுக்குச் சாப்பாடு போனது. பலரை ஊருக்கு வெளியே பரோ மியூர் திடலில் குடிசை போட்டுத் தங்கவைத்தார்கள். ஜார்ஜ் ரே என்ற மருத்துவர் தோல் அங்கி மாட்டிக்கொண்டு நோயாளிகளிடம் போய், நெறிக்கட்டியைக் கீறிப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார். கொடுமையான வைத்தியம்தான், ஆனால் கைவிட்டுவிட்டுப் போன ஊர் செய்கிற காரியமா இது?

சந்து மண்ணுக்கடியில் போனதற்கும் பிளேக்குக்கும் சம்பந்தமே இல்லை. 1753-ல் ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற வணிகர் கட்டடத்தைக் கட்டத் தொடங்கியபோது வீடுகளின் மேல்மாடிகளை இடித்து, கீழ்ப்பகுதியை அஸ்திவாரமாக வைத்துக்கொண்டார்கள். மேரி கிங் என்பவர் 1630-களில் அங்கே குடியிருந்து, வியாபாரம் செய்து பிள்ளைகளை வளர்த்த ஒரு விதவை. பார்வையாளர்கள் பொம்மைகளைக் குவித்துவிட்டுப் போகிற ‘ஆனி’ என்ற சிறுமியின் கதை, 1992-ல் ஜப்பானிலிருந்து வந்த ஓர் ஆவி ஊடகர் சொன்னதிலிருந்து தொடங்குகிறது. அதைப் பிளேக் காலத்துப் பதிவு போல எழுதக் கூடாது.

அடுத்தது கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டம். சில கல்லறைகளின் மேல் கனத்த இரும்புக் கூண்டுகளைப் பார்க்கலாம். பிணம் எழுந்து வராமல் இருக்கப் போட்டது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது பிணத் திருடனை வெளியே நிறுத்துவதற்கு. உடற்கூறியல் வகுப்புகளுக்குப் பிணம் விலைபோன காலம் அது. புதைத்த உடல் அழுகி யாருக்கும் பயன்படாமல் போகிறவரை இப்படிக் காவல் தேவைப்பட்டது. அந்தக் கம்பிகளின் தடிமனைப் பார்த்தாலே அன்றைய குடும்பங்களின் பயம் புரியும்.

இதே தோட்டத்தில் உலவுவதாகச் சொல்லப்படும் ‘மெக்கன்சி பேய்’ இன்னும் புதியது. ஜார்ஜ் மெக்கன்சி அரசு வழக்கறிஞராக இருந்து, கவனன்டர்கள் என்ற பிரஸ்பிட்டேரியன் கிறிஸ்தவர்களைக் கடுமையாக ஒடுக்கியவர். இறந்தது 1691-ல். அவர் கல்லறையிலிருந்து ஏதோ தாக்குகிறது என்ற பேச்சு கிளம்பியது 1990-களின் கடைசியில், வீடற்ற ஒருவர் உள்ளே நுழைந்ததாகச் சொல்லப்படும் சம்பவத்துக்குப் பிறகு. இடையில் முந்நூறு வருஷம்! இந்தப் பரபரப்பில் 1679-ஐ மறந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம். பாத்வெல் பாலச் சண்டையில் பிடிபட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவனன்டர்களை இந்தத் தோட்டத்தை ஒட்டிய திறந்தவெளியில் மாதக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். இன்று ‘கவனன்டர் சிறை’ என்று காட்டப்படுவது அந்தத் திடலின் ஒரு துண்டு மட்டுமே. அங்கே வரிசையாக நிற்கும் கல்லறை மண்டபங்கள் பிற்காலத்தவை. கைதிகள் அவற்றுக்குள் கிடந்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

எடின்பரோவின் பேர்போன கொலைகாரர்களான பர்க், ஹேர் இருவரையும் பிணத் திருடர்கள் என்று சொல்வது இன்னொரு பிழை. அவர்கள் எந்தக் கல்லறையையும் தோண்டவில்லை. முதலில் வாடகைக்கு இருந்து இயற்கையாக இறந்த ஒருவரின் உடலை டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூறியல் வகுப்புக்கு விற்றார்கள். அப்புறம் 1828 முடிவதற்குள் 16 பேரைக் கொன்று விற்றார்கள். பர்க்கை 1829 ஜனவரியில் தூக்கிலிட்டார்கள். ஹேர் அரசுத் தரப்பு சாட்சியாக மாறித் தப்பினான். சவுத் பிரிட்ஜ் பாலத்தடி நிலவறைகளில்தான் ஆள் பிடித்தார்கள் என்று சேர்த்துச் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது; கொலைகளின் களம் வெஸ்ட் போர்ட் பகுதி. கொன்றவர்கள் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. எழுதும்போது ஜேம்ஸ் வில்சன் பெயரையும் எழுதுங்கள். தெருவில் எல்லோருக்கும் பழக்கமான, மனவளர்ச்சி குன்றிய 18 வயதுப் பையன். அவன் உடல் மேசைக்கு வந்தபோது மாணவர்களே அடையாளம் கண்டுகொண்டதாகச் சொல்வார்கள்.

நேரில் போகிறவர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். எஜமானின் கல்லறையைக் காத்துக் கிடந்ததாகச் சொல்லப்படும் கிரேஃபிரையர்ஸ் பாபி என்ற நாயின் சிலை மூக்கைத் தடவினால் அதிர்ஷ்டம் என்பார்கள். சிலை 1870-களில் வைத்தது. தடவும் பழக்கமோ அண்மையில் வந்தது, உள்ளூர்க்காரர்களுக்கு அது பிடிப்பதும் இல்லை. மூக்கின் கறுப்பு தேய்ந்து உலோகம் பளபளக்கிறது. சரிசெய்தாலும் மறுபடி தேய்த்துவிடுகிறார்கள். தள்ளி நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.