"வேண்டுமென்றே செய்கிறார்" என்று சொல்வதற்கு முன்

மூளைக் கட்டி என்றால் தலைவலி, வாந்தி, வலிப்பு என்றுதான் பலரும் நினைக்கிறோம். சிலருக்கு முதலில் மாறுவது சுபாவம். வீட்டார் தவறுவதும் அங்கேதான்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்மடலை மெனிஞ்சியோமா என்ற, மூளை உறையில் வளரும் பெரும்பாலும் புற்றல்லாத கட்டி மெல்ல அழுத்துகிறது என்று வையுங்கள். கலகலப்பாக இருந்த அம்மா பிடித்துவைத்த பிள்ளையார் போல உட்கார்ந்திருப்பார். குளிக்கச் சொன்னால் குளிப்பார், சொல்லாவிட்டால் இல்லை. "வயதாகிவிட்டது", "சோம்பல்", "மனச்சோர்வு" என்று ஆளுக்கொரு பெயர் வைப்போம். மனச்சோர்வு உள்ளவர் பெரும்பாலும் உள்ளுக்குள் வேதனைப்படுகிறார். முன்மடல் அழுத்தத்தால் முனைப்பு இழந்தவருக்குப் பல நேரம் அந்த வேதனைகூட இருப்பதில்லை. இரண்டும் சேர்ந்தும் வரலாம், அதனால் வீட்டிலேயே தீர்ப்பு எழுத வேண்டாம். கட்டி மூக்குக்கு மேலே இருந்தால் மோப்பமும் போகும். அடுப்பில் பால் கருகுவது அவருக்கு மட்டும் தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். தேதி, ஊர், பிரதமர் பெயர் என்று கேட்கும் எளிய சோதனையில் இவர் தேறிவிடக்கூடும். அதை நம்பி நிம்மதியடைவது அடுத்த தவறு.

"புற்றுநோய்க் கட்டி இல்லையாம், பயமில்லை" என்பதும் அரைகுறை ஆறுதல்தான். கட்டி எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பவையும் அதன் வகைக்கு நிகராக முக்கியம். மெதுவாக வளரும் கட்டிக்கு மூளை ஓரளவு ஈடுகொடுத்துவிடும், மாற்றம் வருடக்கணக்கில் கண்ணில் படாது. வேகமாக வளரும் மூளைப் புற்றான கிளியோபிளாஸ்டோமா சில வாரங்களிலேயே ஆளை மாற்றிவிடக்கூடும். மூளையின் அடியில் ஹார்மோன் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டி சிறியதாக இருந்தாலும் கார்டிசோல் (மன அழுத்த ஹார்மோன்) போன்றவற்றைக் குலைத்து மனநிலையைப் புரட்டிப் போடும்.

பேச்சு தடுமாறினால் அறிவும் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலோருக்கு மொழி இடப்பக்க மூளையைச் சார்ந்தது. அங்கே கட்டி வந்தவர் "டம்ளர்" என்ற சொல்லைத் தேடித் தவிக்கலாம், ஆனால் அதில் தண்ணீர் வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி மூன்றாம் ஆளாகப் பேசுவது கொடுமை. வலப்பக்கக் கட்டியில் நிலைமை வேறு. சரளமாகப் பேசுவார், "எனக்கொன்றும் இல்லை" என்பார், இலையின் இடப்பக்கச் சோறு மட்டும் அப்படியே இருக்கும். அது வீம்பு அல்ல, அந்தப் பக்கம் அவர் கவனத்துக்கே எட்டவில்லை.

காரணமில்லாமல் சில நொடிகள் திடீர்ப் பயம், இல்லாத நாற்றம், முன்பே நடந்தது போன்ற உணர்வு ஆகியவை திரும்பத் திரும்ப வந்தால் அது வலிப்பின் ஒரு வகையாகவும் இருக்கலாம். மந்திரிப்பதற்கு முன் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாப் பழியையும் கட்டி மேல் போடவும் கூடாது. மூளை வீக்கம் குறைக்கத் தரும் டெக்சாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுத்து, அகோரப் பசியையும் படபடப்பையும் தரும். வலிப்புக்கான லெவெடிராசெட்டம் சிலருக்குக் கோபத்தை மூட்டும். "மாத்திரைதான் இப்படி ஆக்குகிறது" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டையும் சட்டென நிறுத்துவது ஆபத்து. எந்த மாத்திரை தொடங்கிய பிறகு எது மாறியது என்று தேதி போட்டு எழுதிக்கொண்டு போனால் அளவையோ மருந்தையோ மாற்ற மருத்துவருக்கு வழி இருக்கிறது.

கட்டியை அகற்றும் அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரித்ததும் பழைய ஆள் திரும்பிவிடுவார் என்று எதிர்பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்து வீடுகளில் அதிகச் சண்டை மூட்டும் தவறு. சிலர் தேறிவிடுகிறார்கள். சிலருக்குக் களைப்பு மாதக்கணக்கில் நீளும்; கதிர்வீச்சுக்குப் பிறகு ஞாபகக் குறைவு தாமதமாகவும் தலைகாட்டும். வேலைக்குத் திரும்புவதானால் முதலில் அரை நாள் போதும். வண்டிச் சாவியை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.