மினி டிராக்டர்ல சரிவு இறங்கும்போது இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

ஏற்காடு, கொல்லிமலை, கொடைக்கானல் மேல்மலைன்னு மலைத்தோட்டம் வச்சிருக்கிறவங்க மினி டிராக்டர் வாங்கும்போது கேக்குற மொதக் கேள்வியே "மேடு ஏறுமா"ங்கிறதுதான். ஏறும்ங்க, ஏறுறதுல பெரிய பிரச்சனை இல்ல, இறங்குறதுலதான் ஆபத்தே இருக்கு.

மொதத் தப்பு, நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை போக வைக்கிற ஃபோர் வீல் லிவர் ஏறுறதுக்கு மட்டும்தான்னு நினைக்கிறது. பெரும்பாலான மினி டிராக்டர்ல பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான் இருக்கு, முன் சக்கரத்துக்குப் பிரேக்கே கிடையாது. டூ வீல்ல ஓட்டுனா இன்ஜின் இழுத்துப் பிடிக்கிறதும் பின் சக்கரம் வழியாத்தான். சரிவுல மூக்கைக் கீழ வச்சு இறங்கும்போது எடையெல்லாம் முன்னாடி போயிடும், பின்பக்கம் லேசாயிடும். அதாவது வண்டியை நிறுத்த வேண்டிய அந்த ரெண்டு சக்கரத்துக்குத்தான் தரையில பிடிப்பு கம்மி. அதுல ஒண்ணு காய்ஞ்ச சில்வர் ஓக் இலை மேலயோ மழை ஈரத்துலயோ ஏறிட்டா ரெண்டு பின் சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல் விட்டுக்கொடுத்துடும், கியர்ல இருக்கும்போதே ஒரு சக்கரம் பின்னோக்கிச் சுத்தும், இன்னொண்ணு இஷ்டத்துக்கு உருளும், நீங்க ஓட்டிட்டிருக்கிற வண்டி உங்க கையில இருக்காது. ஃபோர் வீல் போட்டிருந்தா முன் சக்கரமும் இன்ஜினோட சேர்ந்து பிடிக்கும், எடை அங்கதான இருக்கு, நல்லாப் பிடிக்கும். அதனால இறங்குறதுக்கு முன்னாடியே சமதளத்துல வண்டியை நிறுத்தி லிவரைப் போட்டுக்கோங்க. சமதள தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்துடுங்க, இல்லன்னா டயர் தேயும்.

அடுத்தது கியர். டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறவங்க இன்னும் இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம். பைக் ஓட்டின பழக்கத்துல பிரேக்கோட சேர்த்து கிளட்சையும் மிதிக்கிறதும் அதே கதிதான், கிளட்சை மிதிச்ச நொடியில இன்ஜின் பிடி விட்டுப்போச்சு, வண்டி பாயும். எந்த கியர்ல அந்த மேட்டை ஏறுவீங்களோ அதே கியர்ல, லோ ரேஞ்சுல (மெதுவா போற கியர் வரிசை), கை ஆக்சிலேட்டரைக் குறைச்சு வச்சு இறங்குங்க. பாதிச் சரிவுல கியர் மாத்தப் பாக்காதீங்க, வேகம் எடுத்த வண்டியில அடுத்த கியர் விழலன்னா நடுவழியில நியூட்ரல்ல நிப்பீங்க, நிக்க மாட்டீங்க, போயிட்டே இருப்பீங்க. வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் தாங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு, அதனால "கொஞ்சம் வேகம்தான"ன்னு விடக்கூடாது.

இடது வலது பிரேக் பெடல் ரெண்டையும் கொக்கி போட்டு இணைச்சிருக்கீங்களான்னு ஒரு தடவை பாருங்க. உழவுல சட்டுன்னு திரும்புறதுக்காக எடுத்துவிட்டது அப்படியே கிடக்கும். சரிவுல ஒரு பெடல் மட்டும் கால்ல பட்டா வண்டி அந்தப் பக்கமா வெட்டித் திரும்பும், மூணடி சொச்சம் அகலமுள்ள வண்டி கவிழ அது போதும்.

டிரெய்லர் விஷயத்துல நான் கொஞ்சம் கறாராவே சொல்றேன். 20 ஹெச்பி மினி டிராக்டரோட எடை பெரும்பாலும் ஒரு டன்னுக்குள்ளதான். பின்னால ஒரு டன் எருவோ மூட்டையோ ஏத்தி, டிரெய்லருக்குத் தனியா பிரேக்கும் இல்லாம இறங்குனா டிராக்டர் இழுக்கல, டிரெய்லர்தான் டிராக்டரைத் தள்ளுது. வளைவுல தள்ளுச்சுன்னா ரெண்டும் கத்திரி மாதிரி மடங்கிடும். ரெண்டு நடை ஆகட்டும், பாதிப் பாதியா எடுத்துட்டுப் போங்க, மட்கார்டு மேல ஆளையும் ஏத்தாதீங்க.

ரோட்டவேட்டர், அதாவது மண்ணைக் கிளறுற சுழல் கலப்பை, மாட்டியிருந்தா இன்னொரு விஷயம். ஓடிட்டு இருக்கிற ரோட்டவேட்டர் பிளேடு மண்ணைக் குத்தி வண்டியை முன்னாடி தள்ளும், செங்குத்தா கீழ்நோக்கி ஓட்டும்போது இதுவும் சேர்ந்துக்கும். சும்மா இறங்குறதா இருந்தா கருவிக்கு இன்ஜின் சக்தியைக் குடுக்கிற பிடிஓவை ஆஃப் பண்ணி, கருவியைத் தரைக்குக் கொஞ்சம் மேல தாழ்வா வச்சுட்டு இறங்குங்க, உயரத் தூக்கி வச்சா ஆட்டம் அதிகம். தாழ்வா வச்சிருக்கிறதுல இன்னொரு லாபமும் உண்டு, பின் சக்கரம் வழுக்க ஆரம்பிச்சா பிரேக்கை அழுத்திப் பிடிச்சுட்டே இருக்காம விட்டுட்டு, ஸ்டியரிங்கை நேரா சரிவைப் பார்த்து வச்சு, ஹைட்ராலிக் லிவரை முழுசா இறக்குனீங்கன்னா கல்டிவேட்டர் (கொழுக் கலப்பை) மாட்டியிருந்தா அது மண்ணுல இறங்கி நங்கூரமாப் பிடிக்கும்.

சரிவுக்குக் குறுக்க ஓட்டுறதை முடிஞ்சவரை தவிருங்க. ஓட்டியே ஆகணும்னா மேட்டுப்பக்க சக்கரம் கல்லு மேல ஏறுதா, பள்ளப்பக்க சக்கரம் குழியில இறங்குதான்னு பாத்துட்டே போங்க, கவிழுறது பெரும்பாலும் அப்படித்தான் நடக்குது. வண்டி சாயுதுன்னு தோணுனா மேட்டுப்பக்கம் திருப்பாதீங்க, பள்ளத்தைப் பாத்து மெதுவா திருப்புங்க.

சீட்டுக்குப் பின்னால நிக்கிற அந்த இரும்பு வளைவு இருக்கே, கவிழ்ந்தா ஆள் மேல வண்டி விழாம தாங்குறது அதுதான். ஸ்வீடன்ல 1959லயே புது டிராக்டருக்கு இது கட்டாயம்னு சட்டம் போட்டாங்க, அதுக்கப்புறம் அங்க கவிழ்ந்து சாகுறது ரொம்பக் குறைஞ்சது. நம்மாளுங்க கிளை இடிக்குதுன்னு அதை மடக்கி விடுறாங்க, அப்புறம் நிமிர்த்துறதே இல்ல. நிமிர்த்தி வச்சா சீட் பெல்ட் கண்டிப்பா போடணும், போடலன்னா நீங்க வெளிய தூக்கி எறியப்பட்டு அதே வளைவுக்கு அடியில மாட்டிக்குவீங்க. மடக்கி வச்சிருந்தா பெல்ட் போடக்கூடாது, சரிவுப் பக்கமும் போகக்கூடாது.

நிறுத்தும்போதும் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீங்க. கருவியைத் தரையில இறக்கி, இன்ஜினை ஆஃப் பண்ணி, லோ ரேஞ்சுல ஒரு கியர் போட்டு விட்டு, பின் சக்கரம் ரெண்டுக்கும் பள்ளப்பக்கமா நல்ல கல்லா பாத்து வச்சுட்டு அப்புறம் நகருங்க.