கற்பனை என்ஜினுக்கும் நெருப்பு எரிய இடம் வேண்டும்

எந்த ரயில் கம்பெனியிலும் ஓடாத, ஆனால் விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஓடியிருக்கும் என்று நம்பவைக்கிற நீராவி என்ஜினை மாடலாகச் செய்வது தனி சுகம். அசலை நகலெடுப்பவருக்கு வரைபடம் துணை நிற்கும். நமக்கு அது இல்லை. தவறுகள் அந்த இடைவெளியில்தான் நுழைகின்றன.

பெரிய தவறு, சக்கரங்களைச் சம இடைவெளியில் வைப்பது. என் முதல் ஆறு சக்கர என்ஜினில் நானும் அப்படித்தான் வைத்தேன். பாய்லர், புகைபோக்கி எல்லாம் ஏற்றிய பிறகு பக்கவாட்டில் பார்த்தால் ஏதோ உறுத்தியது. ஃபயர்பாக்ஸை, அதாவது பாய்லரின் பின்முனையில் நிலக்கரி எரியும் பெட்டியை, அட்டையில் வெட்டி ஃபிரேமுக்குள் இறக்கிப் பார்த்தேன். நேராகப் பின் அச்சின் மேல் போய் உட்கார்ந்தது. அசலாக இருந்தால் அங்கே நெருப்பே எரிந்திருக்காது! அந்தக் காலத்துப் பெரும்பாலான ஆறு சக்கர என்ஜின்களில் ஃபயர்பாக்ஸ் நடு அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே இறங்கும். கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனியின் சரக்கு என்ஜினான டீன் கூட்ஸில் (1883) அச்சுகளின் முன்னிடைவெளி 7 அடி 3 அங்குலம், பின்னிடைவெளி 8 அடி 3 அங்குலம். அசலின் ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற மாடல் அளவில் அது 29, 33 மி.மீ. வெறும் 4 மி.மீ. வித்தியாசம்தான், ஆனால் கண் அதைக் கண்டுபிடித்துவிடும். அதனால் முதலில் ஃபயர்பாக்ஸ், அதன் பிறகே அச்சுகள்.

மாடலை ஓட்டும் மோட்டாரை உள்ளே மறைப்பதற்காகப் பாய்லரைப் பருமனாக்காதீர்கள். 4 அடி விட்டப் பாய்லர் இந்த அளவில் 16 மி.மீ.தான், 10, 12 மி.மீ. மோட்டார்கள் இப்போது கிடைக்கின்றன.

அடுத்தது காலக்கலப்பு. 1889-இல் அயர்லாந்தின் அர்மாவில் நடந்த ரயில் விபத்துக்குப் பிறகுதான் பயணிகள் ரயில்களில் தொடர் தானியங்கி பிரேக் (எல்லாப் பெட்டிகளிலும் ஒன்றாகப் பிடிப்பது, ரயில் அறுந்தால் தானாகவே பிடிப்பது) சட்டப்படி கட்டாயமானது. 1865 என்ஜின் என்று சொல்லிவிட்டு பஃபர் பலகையில் (என்ஜின் முனையின் குறுக்குப் பலகை) அந்த பிரேக்குக்கான வேக்குவம் குழாயைத் தொங்கவிட்டால் விஷயம் தெரிந்தவர் முகம் சுளிப்பார். ஆனால் அதே என்ஜின் 1895 வரை பயணிகள் ரயிலை இழுத்ததாக வைத்துக்கொண்டால் குழாய் வேண்டும், ஓட்டுநருக்குக் கூரையும் வந்திருக்கும். கட்டிய ஆண்டு, மாடல் காட்டும் ஆண்டு என இரண்டையும் தொடங்குமுன்பே எழுதி வையுங்கள்.

பிடித்ததையெல்லாம் ஒரே என்ஜினில் ஏற்றுவதும் வேண்டாம். அந்தக் காலத்து என்ஜின் வடிவமைப்பாளர் பேட்ரிக் ஸ்டர்லிங் பாய்லரில் டோம் (மேலே நிற்கும் குமிழ்) வைக்கமாட்டார். அந்த வெறுமைதான் அவர் என்ஜினின் அழகு. உங்கள் கற்பனைக் கம்பெனியின் தலைமைப் பொறியாளருக்கும் இப்படி ஒரு பிடிவாதம் இருக்கட்டும்.

நிறத்தில் மட்டும் தாராளமாக இருங்கள். லண்டன்–பிரைட்டன் ரயில் கம்பெனியில் பொறியாளர் வில்லியம் ஸ்ட்ரௌட்லி பயணிகள் என்ஜின்களுக்குப் பூசிய தங்க மஞ்சளுக்கு ‘மேம்பட்ட என்ஜின் பச்சை’ என்று பெயர். நிறத்தின் ஓரங்களில் வரும் கரைக்கோடுகளை மட்டும் முடிந்தவரை மெல்லியதாக இழுங்கள்.