உயிர்வேலிக்கு எத்தனை செடி? நான் போட்ட கணக்கு

தோட்டத்து ஓரம் 40 அடி. இடையில் கேட்டுக்கு 4 அடி. ஒன்றரை அடிக்கு ஒரு செடி வைக்க நினைத்தேன். மீதி 36 அடியை 1.5-ஆல் வகுத்தால் 24. ஆனால் வகுத்து வருவது இடைவெளிகளின் எண்ணிக்கைதான். இரு முனையிலும் செடி வேண்டுமென்றால் ஒன்று கூட்ட வேண்டும். கேட் வேலியை 24 அடி, 12 அடி என இரண்டாகப் பிரிப்பதால் தனித்தனியாகப் போட வேண்டும்: 17-ம் 9-ம், ஆக 26.

அப்புறம் யோசித்தேன், கேட் தூணை ஒட்டிச் செடி வைத்தால் கிளை வழியை மறைக்கும். அதனால் ஒவ்வொரு முனையிலும் முக்கால் அடி விட்டு நட்டேன். இப்படி நட்டால் கூட்டல் வேண்டாம், 16-ம் 8-ம் சேர்த்து 24 போதும்.

இடைவெளியைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். செடி இப்போது இருக்கும் அளவைப் பார்க்காமல், வளர்ந்தபின் எவ்வளவு படரும் என்று கேளுங்கள். அந்த அகலத்தைவிடக் கொஞ்சம் நெருக்கி நட்டால்தான் கிளைகள் பின்னி வேலியாகும். சில செடி பட்டுப்போகும், அதற்காக இரண்டு கூடுதலாக வாங்கித் தொட்டியில் வளர்க்கிறேன். பிறகு தேடினால் அதே வகை, அதே உயரத்தில் கிடைப்பது கஷ்டம்.